வீட்டுப் பட்டறையில் செய்யும் ஸ்கீ, ஸ்னோபோர்டுகளுக்கு இலேசான உள்மரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்மரம் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு ஸ்கீயைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் அது ஒரே கட்டையாக இருக்காது. அடியில் வழுக்கிச் செல்லும் பாலிஎத்திலீன் தகடு, அதன் இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு, அதற்கு மேல் எபாக்சி எனும் இறுகும் பிசினில் ஊறிய கண்ணாடி இழைத் துணி, நடுவில் மரம், மறுபடியும் கண்ணாடி இழைத் துணி, எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை என்று அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் இருக்கும் மரத்தைப் பட்டறைகளில் ‘கோர்’ என்கிறார்கள். இங்கே அதை உள்மரம் என்று எழுதுகிறோம். ஸ்கீயில் அது முனைகளில் சுமார் 2 மி.மீ. கனத்தில் தொடங்கி, காலடியில் 10 முதல் 12 மி.மீ. வரை தடித்திருக்கும். ஸ்னோபோர்டு அகலமானது என்பதால் அதற்கு நடுவில் 7, 8 மி.மீ. போதும்.

மரத்தை மாற்றினால் எடை எவ்வளவு குறையும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 180 செ.மீ. நீளம், சராசரியாக 10 செ.மீ. அகலம், சராசரியாக 6.5 மி.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஸ்கீக்குள் இருக்கும் மரத்தின் கன அளவு ஏறத்தாழ 1.17 லிட்டர். ஒரு கன மீட்டருக்கு 670 கிலோ எடையுள்ள ஆஷ் மரத்தில் அது 780 கிராம் வரும். 450 கிலோ எடையுள்ள பாப்லரில் 530 கிராம். 280 கிலோ எடையுள்ள பாலோனியாவில் 330 கிராம். 160 செ.மீ. ஸ்னோபோர்டில் மரம் கிட்டத்தட்ட 2.4 லிட்டர் இருக்கும் என்பதால் வேறுபாடு இன்னும் பெரிது: ஆஷ் 1.6 கிலோ, பாப்லர் 1.08 கிலோ, பாலோனியா 670 கிராம்.

எஃகு விளிம்பு, அடித்தகடு, கண்ணாடி இழை ஆகியவற்றின் எடை எந்த மரத்தைப் போட்டாலும் மாறாது. எபாக்சியின் எடை மட்டும் செய்பவரின் கையைப் பொறுத்தது. துணியில் தேங்கி நிற்கும் எபாக்சியை வழித்தெடுக்காமல் ஒரு ஸ்கீயில் 100 கிராம் கூடுதலாக விட்டுவிட்டால், பாப்லரிலிருந்து பாலோனியாவுக்கு மாறியதன் பலனில் பாதி அங்கேயே போய்விடும்.

விறைப்பு முழுவதையும் கண்ணாடி இழைதானே தருகிறது? அப்படியானால் எந்த மரம் என்பது ஏன் முக்கியம்?

மரம் வெறும் இடைவெளியை நிரப்பத்தான், வேலையெல்லாம் கண்ணாடி இழையுடையது என்ற பேச்சு பரவலாக உண்டு. அது பாதி உண்மைதான், அதுவும் முனைகளுக்கு மட்டும் பொருந்துகிற பாதி.

காலடியில் 10.5 மி.மீ. பாப்லர் மரமும், அதன் மேலும் கீழும் 0.6 மி.மீ. கண்ணாடி இழை அடுக்கும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாப்லரின் யங் குணகம் (ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு) ஏறத்தாழ 11 கிகாபாஸ்கல். மூன்று திசைகளில் இழை ஓடும் துணியை எபாக்சியில் இறுக்கினால் நீளவாக்கில் சுமார் 20 கிகாபாஸ்கல் கிடைக்கும். இந்த எண்களை வைத்துக் கணக்கிட்டால், காலடியில் மொத்த விறைப்பில் 60 சதவீதத்தை மரமே தருகிறது. முனையில் மரம் 2 மி.மீ. ஆக மெலிந்துவிடுவதால் அங்கே அதன் பங்கு 15 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. எந்த அடுக்கானாலும் நடுக்கோட்டிலிருந்து விலக விலகத்தான் அதற்கு வேலை கூடும். மரம் தடிக்கும்போது அதன் மேற்புறமும் அடிப்புறமும் நடுவைவிட்டு விலகிப்போவதால், அதன் சொந்த விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது.

யங் குணகம் சுமார் 4.4 கிகாபாஸ்கல் மட்டுமே கொண்ட பாலோனியாவை அதே 10.5 மி.மீ. கனத்தில் போட்டால், காலடி விறைப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதை ஈடுகட்ட மரத்தின் கனத்தை 12.6 மி.மீ. அளவுக்கு உயர்த்த வேண்டும். அப்படி உயர்த்திய பிறகும் உள்மரம் பாப்லரைவிடக் கால் பங்கு இலேசாகவே இருக்கும். ஆனால் ஒரு ஸ்கீக்கு 200 கிராம் மிச்சம் என்று நினைத்தது 130 கிராமாக ஆகிவிடும். பாப்லருக்கு வரைந்த கன அளவுகளை அப்படியே எடுத்துப் பாலோனியாவில் செய்துவிட்டு, ஸ்கீ துவண்டு போகிறது என்று மரத்தைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். வரைபடத்தை மாற்றாமல் மரத்தை மட்டும் மாற்றினால் அப்படித்தான் ஆகும்.

கண்ணாடி இழைக்குப் பதிலாகக் கார்பன் இழை போட்டால் மேலடுக்குகளின் பங்கு வெகுவாக உயரும் என்பதால், அங்கே இலேசான மரத்துக்கு இடம் அதிகம்.

எந்தெந்த மரங்கள் பொருத்தமானவை?

பாப்லரையும் ஆஸ்பெனையும் முதலில் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரு கன மீட்டருக்கு 400 முதல் 460 கிலோ வரை எடையுள்ளவை, நேராக வளர்பவை, எளிதில் இழைக்கலாம், பசையை நன்றாகப் பிடிக்கும். ஆஷ் மரத்தின் யங் குணகம் 12 கிகாபாஸ்கல், பாப்லருடையது 11 என்பதைக் கவனித்தால், பாதி எடை கூடுதலாகச் சுமந்தும் ஆஷ் தரும் கூடுதல் விறைப்பு மிகக் குறைவு என்பது புரியும். பெரிய தொழிற்சாலைகளும் பாப்லரை விடாமல் பயன்படுத்துவதற்கு விலை மட்டும் காரணம் அன்று.

ஸ்புரூஸ் பலர் மறந்துவிடும் மரம். ஏறத்தாழ 425 கிலோ எடையில் 11 கிகாபாஸ்கல் என்பது, எடைக்கு எவ்வளவு விறைப்பு என்று பார்த்தால், இந்த வரிசையில் எதற்கும் இளைத்ததன்று. விமானங்களுக்கும் இசைக்கருவிகளுக்கும் அதை எடுத்தது இதனால்தான். ஆனால் பிசின் பைகளும் கணுக்களும் இல்லாத துண்டைத் தேடிப் பொறுக்க வேண்டும். நாரோட்டத்தை ஒட்டிச் சட்டென்று பிளந்தும் விடும்.

பாலோனியா பற்றி மேலே சொன்னோம். ஒரு சேதியை மட்டும் சேர்க்கலாம்: அது மிக விரைவாக வளரும் மரம் என்பதால், வளர்ந்த வேகத்தைப் பொறுத்து ஒரு பலகைக்கும் மற்றொரு பலகைக்கும் அடர்த்தியில் பெரிய வேறுபாடு இருக்கும்.

செடார் இலேசானது, 370 கிலோ அளவில் இருக்கும். ஆனால் மென்மையானது, நொறுங்கும் இயல்பும் உண்டு. வெஸ்டர்ன் ரெட் செடாரின் தூள் சிலருக்கு ஆஸ்துமாவையே உண்டாக்கக்கூடியது என்பதால், அதை இழைக்கும்போது தூள் உறிஞ்சியும் தரமான முகமூடியும் இல்லாமல் தொடங்கக் கூடாது. மூங்கில் நல்ல விறைப்பும் மீள்தன்மையும் உள்ளது, ஆனால் இலேசானதன்று. அதிலுள்ள சிலிக்கா இழைப்புக் கத்தியை வெகு விரைவில் மழுக்கிவிடும்.

மேப்பிள், பீச், ஆஷ் ஆகிய கனமான மரங்கள் முழு உள்மரத்துக்கு ஏற்றவை அல்ல. வேண்டிய இடத்தில் பட்டையாகச் சேர்ப்பதற்கு ஏற்றவை.

என் கையில் இருக்கும் பலகை எவ்வளவு இலேசானது என்று எப்படி அறிவது?

மரத்தின் பெயரைவிடத் தராசு நம்பகமானது. பலகையிலிருந்து 1 மீட்டர் நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனத்தில் ஒரு பட்டையைச் சீராக இழைத்து எடுங்கள். அதன் கன அளவு சரியாக ஒரு லிட்டர். சமையலறைத் தராசில் வைத்தால் எத்தனை கிராம் காட்டுகிறதோ, ஒரு கன மீட்டருக்கு அத்தனை கிலோ என்று கொள்ளலாம். 290 என்று காட்டினால் அது நல்ல பாலோனியா; பாலோனியா என்று வாங்கிய பலகை 360 காட்டினால் வேறு பலகை பாருங்கள்.

அதே பட்டையை வைத்து விறைப்பையும் அளந்துவிடலாம். 90 செ.மீ. இடைவெளியில் இரண்டு கட்டைகளை வைத்து, பட்டையைத் தட்டையாகக் கிடத்தி, நடுவில் 5 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். பாலோனியா ஏறத்தாழ 5 மி.மீ. தொய்யும், பாப்லரும் ஆஷும் 2 மி.மீ. அருகில் நிற்கும். ஒரே பலகையிலிருந்து வெட்டிய இரண்டு பட்டைகள் 3 மி.மீ., 5 மி.மீ. என்று வெவ்வேறாகத் தொய்ந்தால், அவற்றை இடது ஸ்கீக்கு ஒன்று, வலது ஸ்கீக்கு ஒன்று என்று போட்டுவிடக் கூடாது. பட்டைகளையெல்லாம் எடையும் தொய்வும் எழுதி வரிசையாக அடுக்கி, இரண்டு ஸ்கீக்கும் மாறி மாறிப் பங்கிட்டால் ஜோடி ஒத்துப்போகும். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.

பால்சா இன்னும் இலேசானதாயிற்றே?

சராசரியாக 160 கிலோ என்பது உண்மையில் ஆசையூட்டும் எண். இரண்டு வலுவான தோல்களுக்கு நடுவே பால்சாவை வைப்பதும் புதிய யோசனை அன்று. 1940இல் முதன்முதலில் பறந்த டி ஹாவிலாண்ட் மஸ்கீட்டோ விமானத்தின் உடல், பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு இடையே பால்சாவை வைத்துத்தான் செய்யப்பட்டது. ஆனால் விமானத்தின் உடலை யாரும் பூட்ஸ் காலால் மிதித்துத் திருப்புவதில்லை. ஸ்கீயில் காலடி அழுத்தம், திருகாணியின் இழுப்பு, கல்லில் படும் அடி என்று எல்லாமே ஓரிடத்தில் குவிந்து வருகின்றன. நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழுகிற மரம் அதைத் தாங்காது. போதாக்குறைக்கு, துளைகள் திறந்த முகத்தின் வழியாக எபாக்சியைக் குடித்து, மிச்சப்படுத்திய எடையில் ஒரு பகுதியைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். காலடிப் பகுதியைத் தவிர்த்து, நடுவில் ஒன்றிரண்டு பட்டைகளாக மட்டும் போடுபவர்கள் உண்டு. முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

இலேசான மரத்தில் பைண்டிங் திருகாணி நிற்குமா?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

ஸ்கீயில், பூட்ஸைப் பிடித்து நிறுத்தும் பைண்டிங்கின் திருகாணிகள் நேரடியாக மரத்துக்குள் இறங்குகின்றன. உலோக அடுக்கு இல்லாத ஸ்கீயில் 3.5 அல்லது 3.6 மி.மீ. துரப்பணத்தால் 9 மி.மீ. ஆழத்துக்குத் துளையிடுவது வழக்கம். மரத்தின் திருகாணிப் பிடிப்பு அடர்த்தியின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது. அதாவது 700 கிலோ எடையுள்ள மேப்பிள், 280 கிலோ எடையுள்ள பாலோனியாவைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். பாப்லரே இரண்டரை மடங்கு பிடிக்கும். மேலிருக்கும் கண்ணாடி இழை கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். நான் செய்த முதல் ஜோடி முழுவதும் பாலோனியா. இரண்டாம் நாள் முன்பக்கத் திருகாணிகள் இரண்டு, சுற்றிலும் மாவாகிப்போன மரத்தோடு வெளியே வந்தன. துளைக்குள் விரலை விட்டால் ரொட்டித் தூளைத் தொடுவது போலிருந்தது. பாலோனியாவின் பிழை அன்று, என் பிழை.

எனவே திருகாணி விழும் இடத்தில் கனமான மரம் வேண்டும். இங்கேதான் பலர் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். பாலோனியா உள்மரத்தில் முனையிலிருந்து முனைவரை ஓடும் 20 மி.மீ. மேப்பிள் பட்டைகள் இரண்டைச் சேர்த்தால் ஏறத்தாழ 200 கிராம் கூடும். 330 கிராம் உள்மரம் 530 கிராம் ஆகும். அது முழுவதும் பாப்லரில் செய்தால் வரும் அதே எடை. விறைப்பு கூடுவது உண்மைதான், ஆனால் எடை குறைப்பதற்காகத் தொடங்கிய வேலை அங்கே அர்த்தமிழந்துவிடுகிறது. அதே பட்டைகளைக் காலடியில் 50 செ.மீ. நீளத்துக்கு மட்டும் வைத்தால் கூடுவது 90 கிராம்தான். ஆனால் அவற்றின் முனைகளைச் சதுரமாக வெட்டக் கூடாது. கனத்தைப்போல் பத்து மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி ஒட்ட வேண்டும். சதுரமாக முடிந்தால் விறைப்பு திடீரென மாறும் அந்த இடத்திலேயே ஸ்கீ ஒடியும்.

பட்டைகளை எங்கே வைப்பது என்பதை மரத்தை அறுக்கும் முன்பே, வாங்கப்போகும் பைண்டிங்கின் துளைத் தாளை (திருகாணி இடங்களைக் குறித்த தாளை) உள்மரத்தின் மேல் விரித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஸ்னோபோர்டுக்கும் இதே விதியா?

இல்லை, ஸ்னோபோர்டு இதில் கொடுத்து வைத்தது. அதில் திருகாணி மரத்தில் இறங்குவதில்லை. எம்6 (6 மி.மீ.) மரையுள்ள துருப்பிடிக்காத எஃகுச் செருகிகளை உள்மரத்தின் அடியிலிருந்து செருகுகிறார்கள். செருகியின் அகலமான அடித்தட்டு மரத்தை அடியிலிருந்து அணைத்துப் பிடிப்பதால், இழுப்பு விசை பரந்த பரப்பில் விழுகிறது. பாப்லருக்கு வேறு எதுவும் தேவையில்லை. பாலோனியாவாக இருந்தால், செருகி வரிசைகள் ஓடும் இடத்தில் மட்டும் ஆஷ் அல்லது பீச் பட்டை போடுவது நல்லது.

நாரோட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

நார் பலகையின் நீளத்தோடு ஓட வேண்டும். பக்கவாட்டில் வெளியேறிப்போகக் கூடாது. விமானங்களுக்கான ஸ்புரூஸ் மரத்தில் 15 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. வரையிலான சாய்வைத்தான் அனுமதித்தார்கள், 2 மி.மீ. கனத்துக்கு மெலியப்போகும் ஸ்கீ முனைக்கும் அது நியாயமான அளவுகோல். கண்ணால் தெரியவில்லையென்றால் பட்டையின் ஓரத்தைக் கத்தியால் சற்றே பிளந்து பாருங்கள். மரம் பிளக்கும் திசைதான் நாரின் உண்மையான திசை.

அகலமான ஒரே பலகையை உள்மரமாக வைக்காமல், 10 முதல் 20 மி.மீ. அகலப் பட்டைகளாக அறுத்து, ஆண்டு வளையங்கள் செங்குத்தாக நிற்குமாறு திருப்பி ஒட்டுவது வழக்கம். வளையங்கள் செங்குத்தாக நின்றால் ஈரம் ஏறி இறங்கும்போது பலகை குவிந்து வளைவது குறையும். அடுத்தடுத்த பட்டைகளை முன்பின் மாற்றி வைத்தால் ஒன்றின் முறுக்கை மற்றது தடுக்கும். கணு இருக்கும் பட்டையைத் தயங்காமல் ஒதுக்குங்கள். பாப்லரிலும் ஆஸ்பெனிலும் சில பலகைகளை இழைத்தபின் கம்பளி போல நார் எழுந்து நிற்கும். சாய்ந்து வளர்ந்த மரத்தின் இழுவிசைப் பகுதி அது. எவ்வளவு தேய்த்தாலும் வழவழப்பாகாது, உலரும்போது முறுக்கிக்கொள்ளும்.

ஈரம் எவ்வளவு இருக்கலாம்?

6 முதல் 8 சதவீதம். ஈரமானி இல்லாதவர்கள் பலகையிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடை பார்த்து, 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்தால் போதும்: 100 கிராம் துண்டு 92 கிராமில் நின்றால், 8ஐ 92ஆல் வகுக்க 8.7 சதவீதம். ஈரமான மரத்தை, அடுக்குகளையெல்லாம் சேர்த்து அழுத்திச் சூடாக்கும் அச்சில் வைத்தால் ஆவி வெளியேற வழியின்றி எபாக்சியில் குமிழிகளாக நிற்கும்.

பட்டைகளை ஒட்ட எந்தப் பசை?

தண்ணீர் தாங்கும் வகை வெள்ளைப் பசை போதும். ஆனால் 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கும் அச்சைப் பயன்படுத்துவதாக இருந்தால் அந்தப் பசை இளகும். அப்போது எபாக்சியாலேயே ஒட்டிவிடுங்கள்.

மென்மையான மரத்தை மெல்லியதாக இழைக்கும்போது பிய்ந்துபோகிறதே?

கத்தி மழுங்கியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். கனமான மரம் மழுங்கிய கத்தியை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பாலோனியா பொறுக்காது, வெட்டுப்படாமல் நசுங்கிப் பிய்ந்து வரும். முனைக்கு நெருங்கும்போது ஒரு முறைக்கு அரை மி.மீ. அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். எப்போதும் தடித்த நடுப்பகுதியிலிருந்து மெல்லிய முனை நோக்கி, சரிவில் இறங்கும் திசையிலேயே இழையுங்கள். உள்மரத்தை ஒரு தட்டையான தாங்கு பலகையில் இரட்டைப்பக்க ஒட்டு நாடாவால் ஒட்டிக்கொண்டால் 2 மி.மீ. முனை படபடக்காது.

அச்சின் அழுத்தத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். காற்றை உறிஞ்சி அழுத்தும் வெற்றிடப் பை அதிகபட்சம் ஒரு வளிமண்டல அழுத்தத்தைத்தான் தரும்; காற்று ஊதிய குழாயால் அழுத்தும் அச்சு அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு தரும். இரண்டுமே பாலோனியாவை நசுக்கப் போதாதவை. ஆனால் அடியில் மாட்டிக்கொண்ட ஒரு சிறு மரச் சிராய் அப்படியே பதிந்து, அடித்தகட்டில் மேடாகத் தெரியும்.

கடையில் கிடைக்கும் ஒட்டுப்பலகையை அப்படியே வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் நட்டம். அதன் அடுக்குகளில் ஏறத்தாழ பாதி குறுக்காக ஓடுபவை. அவை நீளவாக்கு விறைப்புக்கு அநேகமாக உதவாமல் எடையை மட்டும் சுமத்தும்.

மரமே இல்லாமல் நுரையோ தேன்கூட்டு அமைப்போ?

எடை குறையும், தொல்லை கூடும். அமெரிக்க விமானப் பொறியாளர் ஹோவர்ட் ஹெட் 1947 வாக்கில் அலுமினியத் தோலுக்குள் தேன்கூட்டு அமைப்பை வைத்துச் செய்த முதல் ஸ்கீக்கள் முறிந்துபோயின. பிறகு அவருக்கு வெற்றி தந்த உலோக ஸ்கீயின் நடுவில் இருந்தது மர ஒட்டுப்பலகை. இன்றைய நுரைகள் எவ்வளவோ மேல் என்றாலும், திருகாணிக்கும் விளிம்புக்கும் எப்படியும் மரத்துண்டு பதிக்க வேண்டியிருப்பதால், வீட்டுப் பட்டறையில் அதற்காகப் படும் பாடு வீண்.

இலேசாக இருப்பதில் தீமை உண்டா?

உண்டு. மலையேறிப் பிறகு சறுக்கி இறங்குபவருக்குக் காலில் குறையும் ஒவ்வொரு கிராமும் இலாபம். இறுகிய பனியில் வேகமாக இறங்குபவருக்கோ, எடை குறைந்த ஸ்கீ ஒவ்வொரு கட்டியிலும் எகிறி, அதிர்வைக் காலுக்கு அனுப்பும். கம்பித் தூக்கியில் (ஸ்கீ லிஃப்டில்) ஏறி, சறுக்கி மட்டும் இறங்குபவர் பாப்லரோடு நின்றுகொள்ளலாம் என்பது என் கருத்து.

உள்மரத்துக்குள் தண்ணீர் போனால் என்ன செய்வது?

விளிம்புக்கருகில் விரிசல் விழுந்து மரம் ஊறினால், இலேசான மரம் உப்பி மேலுறையைத் தூக்கும். உடனே எபாக்சியைப் பூசி மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே அடைபடும். விரிசலைச் சற்றே திறந்து, ஸ்கீயைச் சூடில்லாத உலர்ந்த அறையில் ஓரிரு வாரம் நிறுத்தி, பிறகு எபாக்சியைச் செலுத்திக் கிளாம்பில் இறுக்குங்கள். பைண்டிங் பொருத்தும்போது ஒவ்வொரு திருகாணித் துளையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தாங்கும் பசை விட்டுத் திருகினால் மேலிருந்து ஈரம் இறங்கும் வழி அடைபடும். பழைய துளைகளை மரச் செருகியும் பசையும் வைத்து மூடிவிடுங்கள்.